சட்டி கழுவும் முன்பேர வர்த்தகம்

எங்கள் அறையில் என்னைத் தோழர் என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை கால்பங்கு, கிண்டல் முக்கால்பங்கு. குவைத்தில், அப்பாசியாவில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஆறு ஆண்கள், ஒரே ஒரு குளியலறை. வீடு என்று நான்தான் எழுதுகிறேன். இங்கே எவ்வளவு பெரிய வீடானாலும் ஆம்பளைகள் சேர்ந்து இருந்தால் அது 'ரூம்'தான். நான் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் கணினியில் படம் போடுகிறவன். கோவையில் பஞ்சாலைத் தெரு ஒன்றில் வளர்ந்தேன். எங்கள் தெருவில் குழந்தைக்குக் காது குத்தினால்கூட எங்கிருந்தாவது ஒரு செங்கொடி வந்துவிடும்.

வளைகுடாவில் இடதுசாரியாக இருப்பது, சுத்த சைவக்காரன் மீன் மார்க்கெட்டில் வேலை பார்ப்பதைப் போன்றது. கொடி பிடிக்க முடியாது, கூட்டம் போட முடியாது, மே தினத்தன்று எனக்கு டூட்டி. உலகத்தைப் பற்றிய கருத்துகள் அத்தனையையும் சமையலறையில்தான் சொல்லியாக வேண்டும், அதுவும் குக்கர் விசில் அடிக்காத இடைவெளியில். போதாக்குறைக்கு மனசாட்சி வேறு. எங்கோ குண்டு விழுந்தால் எண்ணெய் விலை ஏறும். எண்ணெய் விலை ஏறினால் இங்கே புதுப் பாலம் கட்டுவார்கள். பாலம் கட்டினால் என் கம்பெனிக்கு வேலை. போர் ஒழிக என்று ராத்திரிச் சாப்பாட்டில் முழங்கிவிட்டு, காலையில் போய் அந்தப் பாலத்துக்குத்தான் படம் போடுவேன். ரூபாய் மதிப்பு விழுந்தால் ஏழை வயிற்றில் அடி என்று அரை மணி நேரம் பேசுவேன். பேசிக்கொண்டே, ஊருக்குப் பணம் அனுப்ப இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா என்று செல்போனைத் தடவுவேன். இதைச் சுட்டிக்காட்ட அறையில் யாரும் ஒருநாளும் மறந்ததில்லை.

குளியலறைக்கு வருகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியாது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் டீ போடலாம் போலிருக்கும். விடியலில் குளிக்கிறவனுக்குத்தான் ஓரளவு ஆறிய தண்ணீர். குளிர்காலத்திலோ ஹீட்டர் இரண்டு பேருக்கு மேல் தாங்காது, மூன்றாமவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே எந்தக் காலமானாலும் எங்கள் ரூமில் முதலில் குளிக்கிறவன் ராஜா.

அந்த ராஜாங்கத்துக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. செய்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், ஒரு மளிகை மொத்தக் கடையில் மேனேஜர், ரூமின் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். யாருக்கு முதலில் டூட்டியோ அவருக்கு முதல் முறை, அவ்வளவுதான். ராமநாதபுரத்துக்காரரான எங்கள் டிரைவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், ஊர் எழுவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அதனால் அவர் முதலில். அடுத்து ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர்கள் இருவர். அதற்குப் பிறகு நான். சமையல், சட்டி கழுவுதல் எல்லாம் ஆளுக்கு ஒரு நாள். அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்வது, இதற்குப் பெயர்தான் சோஷலிசம் என்று ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சியிடம் சொல்லித் தொலைத்தேன்.

“என்னவே சொல்லுதீரு? நான் வருசா வருசம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெரதம் இருக்கவன். என்னையப் போயி அந்தக் கட்சியில சேக்குதீரே!”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு மட்டும் முறை கிறை எதுவும் கிடையாது. நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவார், உள்ளே இருப்பவர் சோப்பு நுரையோடு வெளியே வர வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து பேரிடம் இருக்கும் வீட்டோ அதிகாரம் அப்பாசியாவில் ஒருவரிடமே இருந்தது. அதை எதிர்த்து நான் பலமுறை தீர்மானம் கொண்டுவந்து தோற்றேன்.

இந்த நிலைமையில்தான் ஆறாவது ஆளாக அவர் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர். கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர். வயது நாற்பதைத் தொடவில்லை. மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் சென்னையில். பல் தேய்க்கும்போதுகூடப் பங்குச்சந்தை வீடியோ கேட்கிறவர் என்பதால், வந்த வாரமே அவருக்குச் சந்தைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர். சிரித்த முகம். ஆனால் உலகத்தில் விற்கக்கூடாதது என்று ஒன்று உண்டா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, இல்லை என்பார்.

“இந்த பாத்ரூம் டர்ன் யாரோட சொத்து தோழர்?” என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

“அது என்ன சொத்து, ஒரு முறை. அவ்வளவுதானப்பா.”

“அங்கதான் தப்பு. சொத்துன்னு ஆக்கினாத்தான் அதுக்கு மதிப்பு வரும். வாரத்துல ஆளுக்கு ஒரு நாள் முதல் டர்ன், சமமா பிரிச்சிடுவோம். வேணும்கிறவங்க வாங்கிக்கட்டும், வேணாம்கிறவங்க வித்துக்கட்டும். காசு வேணாம். சமையல், சட்டி கழுவறது, இத வச்சு மாத்திக்கலாம்.”

சமமாகப் பிரிப்பது என்று கேட்டதும் அறையே தலையாட்டியது. நான் மட்டும் எதிர்த்தேன். தேவை சமமாக இல்லாதபோது பங்கு மட்டும் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்று விரல் நீட்டிப் பேசினேன். விசில் அடித்துவிட்டது, யாருக்கும் கேட்கவில்லை.

என்ன ஆகும் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்தது. எங்களில் யாருக்கும் முதல் முறை அவசியம் இல்லை, டிரைவருக்குத் தினமும் அவசியம். ஆகவே டிரைவர் தினமும் யாரிடமாவது வாங்க வேண்டியவரானார். கொடுப்பதற்கு அவரிடம் இரண்டு கைகள்தான் இருந்தன. ஒருவருடைய சமையல் நாள் அவர் தலையில் ஏறியது, இன்னொருவருடைய சட்டி ஏறியது. சந்தைக்காரருக்கு அலுவலகம் தாமதமாகத்தான், முதல் முறையை வைத்துக்கொண்டு அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அதை விற்றே அவர் சமையலறைப் பக்கம் போகாத மனிதராகிவிட்டார்.

நான் என் பங்கை டிரைவருக்குச் சும்மாவே கொடுத்தேன். சந்தைக்காரர் உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

“நீங்க மார்க்கெட்ட கெடுக்குறீங்க தோழர். இதுக்குப் பேரு டம்பிங்.”

“ஏப்பா, அந்தாளு பஸ் ஓட்டிட்டு வந்து ஆறு பேருக்குச் சோறாக்குறாரு. நீ சோபாவுல படுத்துட்டு என்னைய டம்பிங்ங்கறயா?”

“யாராவது அவரைக் கட்டாயப்படுத்தினமா? அவரா ஒத்துக்கிட்டுத்தான செய்யறாரு. சுதந்திரமான ஒப்பந்தம்.”

“குளிக்காமப் போனா நாறும், லேட்டாப் போனா வேல போகும். இதுல எங்கப்பா சுதந்திரம்?”

அறையில் இந்த விவாதத்தை எல்லோரும் மட்டைப்பந்து பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். டிரைவர் கரண்டியோடு வாசற்படியில் நின்று, “அடிங்கண்ணே, விடாதிய” என்று எனக்குக் கைதட்டுவார். ஆனால் அவர் பழிவாங்கும் வழி வேறு மாதிரி இருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மீன் குழம்பு. பருப்புப் போட்டாலும் அதே புளி, அதே மிளகாய், அதே சட்டி. தினமும் ஒரே ஆள் சமைத்ததில் எங்கள் வயிறு ஆறும் அவரிடம் மாட்டிக்கொண்டன. “சாம்பாருல ஏம்வே மீன் வாட அடிக்கி?” என்று அண்ணாச்சி கத்துவார். ஒரே சப்ளையர் இருந்தால் தரம் விழும் என்று சந்தைக்காரரே தண்ணீர் குடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு உலகம் எங்கள் ரூமுக்குள் வந்தது.

செங்கடல் பக்கம் கப்பல்கள் போகப் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அது போதாதென்று ஒரு பக்கம் நாடுகளுக்குள் வரிச் சண்டை. இதையெல்லாம் பற்றி நாங்கள் காரசாரமாகப் பேசித்தான் வந்தோம். சந்தைக்காரர் வேலை பார்த்த கம்பெனி குவைத் கிளையைச் சுருக்கி, மிச்சத்தை துபாயோடு சேர்த்துக்கொண்டது. ஒருநாள் மதியமே அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். எனக்கு அன்று லீவு.

“கலாஸ்னுட்டாங்க தோழர்” என்றார். கதை முடிந்தது என்பதை அரபியில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

டீ போட்டுக் கொடுத்தேன். ஏதாவது திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, “கம்பெனி பண்ணது கரெக்ட்தான். அவங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்” என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “பத்து வருசம் ஓடி ஓடி ஒழைச்சிருக்கற. பணம் ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகோணும்னா ஒரு பட்டன அமுக்குனாப் போதும். மனுசன் பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனிக்குப் போகோணும்னா புதுசா ஒரு அரபி கஃபீலா நின்னு விசாவுக்குப் பொறுப்பேத்துக்கோணும், பழைய கம்பெனி விடுவிக்கோணும், கையெழுத்து, முத்திரை. இதுதான் உன்ற சுதந்திரச் சந்தையா?”

“இது சந்தையே இல்ல தோழர். நிஜமா சந்தையா இருந்திருந்தா நான் இந்நேரம் பக்கத்துக் கட்டடத்துல உக்காந்திருப்பேன்.”

எங்கள் பழக்கத்தில் நாங்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அது ரொம்பவே சங்கடமாக இருந்தது.

நிலைமை இதுதான். அவருடைய இகாமா, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் சமயத்தில் முடிகிறது. அதற்குள் வேறொரு கம்பெனி அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சென்னையில் மனைவிக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. மகள் வீடியோவில் கூப்பிட்டால் சட்டையை மாற்றிக்கொண்டு, ஆபீஸிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் உட்காருவார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

தன் கொள்கையை மாற்றிக்கொண்டாரா என்றால், இல்லை. அங்கேதான் வந்தது வினை. கூட்டாகச் சாப்பிடுவதற்குத் தன்னிடம் கொடுக்க எதுவும் இல்லை, ஆகவே எடுக்கவும் உரிமை இல்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். “என் டர்ன எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க, நான் எல்லாரும் போன பிறகு குளிச்சுக்கறேன்” என்றார். எல்லோரும் போன பிறகு வருவது வெந்நீர். வாளியில் பிடித்துவைத்து அது ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சுவைக்கில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வாளி ஆறக் காத்திருந்து, தாமதமாகப் போய், வரவேற்பறையிலேயே திருப்பி அனுப்பப்பட்டு வந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார். கேட்டால் இடைவெளி விட்டு உண்ணும் முறையாம், உடம்புக்கு நல்லதாம், “இது சயின்ஸ் தோழர்.” கீழே பக்காலா என்கிற பெட்டிக்கடையில் ஒரு குப்பூஸ் ரொட்டியும் ஒரு டீயும் வாங்கிச் சாப்பிடுவதை லேப்காரர்களில் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஒருநாள் நானே தட்டில் போட்டு முன்னால் வைத்தேன்.

“இது தர்மம். சும்மா குடுக்கறது மனுசனக் கெடுக்கும்னு நூறு தடவை உங்ககிட்ட நானே சொல்லியிருக்கேன். இப்ப எப்படி சாப்பிடறது?”

கொள்கைக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பற்றி எங்கள் தெருவில் நிறையக் கேட்டிருக்கிறேன். முதலாளித்துவத்துக்காகப் பட்டினி கிடப்பவரை முதன்முதலாக அப்பாசியாவில்தான் பார்த்தேன். அந்தத் தட்டைக் கடைசியில் நான்தான் சாப்பிட்டேன், ஏற்கெனவே ஒரு தட்டுச் சாப்பிட்டிருந்தும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் யாரையோ பார்க்க வெளியே போன நேரத்தில், சமையலறையில் நாங்கள் ஐந்து பேரும் கூடினோம். டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“அந்தாளு ஊருக்குப் போயிட்டா, என்னய வருசம் பூரா சட்டி கழுவ வச்ச கோவத்த நான் யாருகிட்டண்ணே காட்டுறது? இருக்க வைங்கண்ணே அவர.”

“எப்படி இருக்க வைக்கறது? சோத்தையே தொட மாட்டேங்கறானே” என்றேன்.

அண்ணாச்சி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். “சும்மா குடுத்தா வாங்க மாட்டாம்வே. எங் கடையில இந்த மாதிரி ஆள நெறையப் பாத்திருக்கேன். வித்தாத்தான் வாங்குவான்.”

“கையில ஒண்ணும் இல்லாதவன் எதை வெச்சு வாங்குவான்?”

“அது ஒம்ம பாடு. நீருதான பொழுதன்னைக்கும் பொருளாதாரம் பேசுதீரு? இப்பப் பேசும்.”

வீட்டோ அதிகாரம் பேசிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

அந்த வாரம் முழுவதும் நான் செய்த காரியத்தை எங்கள் தெருக்காரர்கள் பார்த்திருந்தால் என்னைத் தள்ளிவைத்திருப்பார்கள். பங்குச்சந்தை வீடியோக்களைப் பார்த்தேன். கோட்டு போட்ட ஆசாமிகள் பச்சையும் சிவப்புமாகக் கோடு காட்டிப் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பாதி புரியவில்லை, மீதி பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கிடைத்தது. முன்பேர வர்த்தகம். இன்னும் விளையாத கோதுமையை இன்றைக்கே விலை பேசி விற்கலாமாம். விளையாத கோதுமையை விற்கலாம் என்றால் அழுக்காகாத சட்டியை ஏன் விற்கக்கூடாது?

சனிக்கிழமை மதியம். டிரைவர் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். சந்தைக்காரர் கூடத்தில் செல்போனில் வேலை தேடிக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“உன்கிட்ட ஒரு வியாபாரம் பேசோணும்.”

“எங்கிட்டயா? என்கிட்ட விக்க என்ன இருக்கு?”

“இனிமே நீ கழுவப்போற சட்டி. உனக்கு வேல கெடச்ச நாள்ல இருந்து ஒரு வருசம், ரூமுச் சட்டி மொத்தமும் உன் பொறுப்பு. அத இப்பவே நாங்க வாங்கிக்கறோம். பதிலுக்கு இன்னைக்கிருந்து மூணு வேளைச் சாப்பாடு. இன்டர்வியூ இருக்கற அன்னைக்கு முதல் முறை. போக வர, அண்ணாச்சி கடை வண்டியில டிரைவரு கூட்டிட்டுப் போவாரு.”

அவர் கண்ணில் பல நாள் காணாத வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஃப்யூச்சர்ஸ்!” என்றார். வேலை போன மனிதர் இல்லை அப்போது அவர், திருவிழாவுக்கு வந்தவர்.

“ஒரு வருஷம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க? எனக்கு வேலை கிடைக்காமப் போனா உங்களுக்கு நஷ்டம். அந்த ரிஸ்க்குக்கு எவ்வளவு கழிச்சீங்க?”

வீடியோவில் அந்த இடத்தில் நான் தூங்கிவிட்டிருந்தேன். “கழிக்கல” என்றேன்.

வெளிச்சம் அணைந்தது. “அப்ப இது வியாபாரம் இல்ல தோழர். தர்மந்தான். வேணாம்” என்று எழுந்தார்.

கையைப் பிடித்து உட்காரவைத்தேன். “சரி, நீயே சொல்லு. எவ்வளவு கழிக்கறது?”

அவர் சொல்லத் தொடங்கினார். தன் துறையே படுத்துக் கிடக்கிறது. தன் சம்பளத்தில் பாதிக்கு வர இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இகாமா முடியப்போகிற ஆளை எடுக்க எந்த கஃபீலும் யோசிப்பான். கூப்பிட்ட ஒரே இடமும் போய்விட்டது. குரல் உயரவில்லை, முகம் கோணவில்லை. யாரோ ஒருவருடைய சரக்கைத் தரம் பார்ப்பதுபோல் தன்னைத் தானே தரம் பார்த்துக்கொண்டு போனார். “எல்லாம் கழிச்சுப் பாத்தா என் எதிர்காலச் சட்டிக்கு இன்னிக்கு விலை ஒரு டீ தோழர். அதுக்கு மேல குடுத்தீங்கன்னா நீங்க ஏமாளி.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

“ஒரு டீயா? துறைமுகத்துல எந்தப் பெட்டி எங்க கெடக்குதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவயே, அதுக்கு வெல இல்லையா? ரெண்டு வேளைச் சோறு.”

“அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர் சொல்லிடும். ரெண்டு டீ.”

“கஸ்டம்ஸ்ல மாட்டின சரக்க அரபியில பேசி, உருதுவுல கெஞ்சி வெளிய கொண்டாந்தயே, அதக் கம்ப்யூட்டர் பண்ணுமா? ரெண்டு வேளைச் சோறு, வெள்ளிக்கிழமை பிரியாணி.”

“அது பழைய ஆபீசர் இருந்தப்ப. ரெண்டு டீ, ஒரு பிஸ்கட்.”

உலகத்துச் சந்தை எதிலும் இப்படி ஒரு பேரம் நடந்திருக்காது. வாங்குகிறவன் விலையை ஏற்றுகிறான், விற்கிறவன் இறக்குகிறான். முப்பது வருடம் கடையில் நின்ற அண்ணாச்சிக்கு இது தாங்கவில்லை. “ஏம்வே, ஒங்க ரெண்டு பேருக்கும் யாவாரம்னா என்னன்னு தெரியுமாவே?” என்று உள்ளேயிருந்து கத்தினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உன் வெல அது இல்லடா!” என்று நானும் கத்தினேன். அதுவரை அவரை நான் 'டா' போட்டதில்லை. “ஒரு கம்பெனிக்காரன் உன்னைய வேண்டாம்னுட்டா நீ ஒரு டீக்குப் போயிருவயா? கப்பல் சுத்திப் போனதுக்கு நீ என்னடா பண்ணுவ? எவனோ எங்கயோ குண்டு போடறான், எவனோ வரி போடறான், வெல மட்டும் உனக்குக் கொறையுதா? உம்புள்ளைகிட்டக் கேளுடா உன் வெல என்னன்னு. என்கிட்டக் கேளு. நீ இல்லாட்டி நான் இந்த ரூமுல யாருகூடடா சண்டை போடறது?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் பயோடேட்டாகூட என்னைப் பத்தி இவ்வளவு சொல்லல தோழர்” என்றார்.

ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு வேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை பிரியாணி, நேர்காணல் நாட்களில் முதல் குளியல், போக வர வண்டி. பதிலுக்கு ஆறு மாதச் சட்டி. “நான் ஜாமீன். இதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவேன்” என்று அண்ணாச்சி கரண்டியோடு வந்து நின்றார். அந்த வீட்டோவை மட்டும் நான் எதிர்க்கவில்லை. சந்தைக்காரர் தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழம்பில் மிளகாய் அதிகம் என்று டிரைவரைத் திட்டினேன், அவரும் மறுப்பேதும் சொல்லாமல் ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு காலைகளில் டிரைவரும் அவரும் குளியலறை வாசலில் “நீங்க போங்க” என்று ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு வந்து டிரைவர் அவரைக் கடை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுவைக், பஹாஹீல் என்று சுற்றினார். ஏலக்காய் வாசனையோடு நேர்காணலுக்குப் போனவர் குவைத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கூப்பிட்ட கம்பெனிகள் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்றன. மனைவியிடமும் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் திட்டியது கூடம் வரை கேட்டது. எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது.

இகாமா முடியும் தறுவாயில் வேலை வந்தது, ஓமானிலிருந்து. சலாலா துறைமுகத்தில் சரக்கு மாற்றிவிடும் ஒரு கம்பெனி. வழக்கமான பாதையில் போக முடியாத கப்பல்கள் சில அங்கே சரக்கை இறக்கி ஏற்ற, கணக்குத் தெரிந்த ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவர் வேலையைப் பறித்த அதே குழப்பம் வேறு துறைமுகத்தில் வேலை கொடுத்தது.

“பாத்தீங்களா தோழர்? மார்க்கெட் தன்னைத் தானே சரி பண்ணிக்கும்.”

“ஆமாமா, அது சரி பண்ணிக்கற வரைக்கும் டிரைவரு மீன் கொழம்பு ஊத்துனாரு” என்றேன்.

ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்ததை அப்போதுதான் எல்லோரும் கண்டோம். சட்டியை எந்த ஊரில் கழுவ வேண்டும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. “ஏமாத்திட்டுப் போறாருண்ணே” என்று டிரைவர் ஒரே புலம்பல். புலம்பிக்கொண்டே அவர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். சந்தைக்காரர் சென்னைக்குப் போய், மகளைப் பார்த்துவிட்டு, சலாலாவில் இறங்கினார். எங்கள் ரூமில் பழைய ஏற்பாடு திரும்ப வந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை, மறுநாள் டிரைவர் முதலில் குளித்தார், அவ்வளவுதான். சாம்பார் சாம்பாராக இருந்தது. சண்டை போட ஆள் இல்லாமல் நான் செய்திகளைத் தனியாகப் பார்த்துத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிட்டார். இங்கே வெயில் கொளுத்துகிறது. சலாலாவிலோ அது சாரல் காலம், அவர் பின்னால் பச்சை மலை, மழைத் தூறல். வேண்டுமென்றே குழாயைத் திறந்து கையை நீட்டிக் காட்டினார்.

“தண்ணி ஜில்லுனு இருக்கு தோழர்.”

“இதச் சொல்லத்தான் கூப்பிட்டயா?”

“இல்ல.” குழாயை மூடினார். குரலைத் தணித்துக்கொண்டார். “இங்க என் ரூம்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. திருவாரூர்ப் பக்கம். வந்த மூணாவது மாசமே கம்பெனி மூடிட்டாங்க. சாப்பிட வாங்கன்னா வெளிய சாப்பிட்டேங்கறாரு. பொய். எது குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாரு. அன்னிக்கு எங்கிட்ட எப்படி ஆரம்பிச்சீங்க? அதச் சொல்லுங்க.”

“உனக்குத்தான் தெரியுமே. அசல் வியாபாரமாச்சே அது.”

சிரித்தார். “ரிஸ்க்கே கழிக்காம ஒரு ஒப்பந்தத்தத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. முதல் நிமிஷமே தெரிஞ்சு போச்சு தோழர்.”

“அப்புறம் எதுக்குடா அவ்வளவு நேரம் பேரம் பேசுன?”

மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க ஏத்திக்கிட்டே போனீங்க. கேக்க நல்லா இருந்துச்சு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“அவரு இப்ப என்ன வெல சொல்றாரு?” என்று கேட்டேன்.

“ஒரு டீக்குக்கூட ஆக மாட்டேன்கறாரு.”

“நீ மூணு வேளைச் சோத்துல ஆரம்பி” என்றேன். “என்ன சொன்னாலும் எறங்காத.”